குளிரில் சாட்சி சொல்லும் காந்தக்கல்

ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெருவில் வீடு கட்டுவதற்காக ஆற்று மணல் கொட்டி வைத்திருந்தார்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தாளில் சுற்றி அம்மணலில் உருட்டினேன். கரிய பொடி, மீசை முளைத்ததுபோல் அதில் ஒட்டிக்கொண்டது. சிறு வயதில் இதைச் செய்து பார்க்காதவர் நம்மில் குறைவு. ஒட்டிய பொடியில் பெரும்பகுதி மாக்னடைட் என்னும் காந்தக்கல்லாகும். மூன்று இரும்பு அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த ஆக்சைடு அது.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இத்தாது பட்டை பட்டையாகப் படிந்து கிடக்கிறது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் வட்டாரத் தாதுவே பயன்பட்டது. இரும்பு தரும் கல் என்ற வகையில் மாக்னடைட்டை நாம் அறிவோம். அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது பழையதை நினைவில் வைத்திருக்கும் கல்.

எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மாக்னடைட் துகள்கள் சுமார் 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே காந்தத்தன்மை பெறுகின்றன. அவ்வேளையில் பூமியின் காந்தப்புலம் எத்திசையில் இருந்ததோ, அத்திசை அவற்றில் பதிந்துவிடுகிறது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தக்காணத்து எரிமலைப் பாறைகளை 1950களில் இம்முறையில் அளந்தபோது, அப்பாறைகள் உருவான காலத்தில் அப்பகுதி நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இருந்தது என்பது புலனாயிற்று. ஒரு நாட்டின் பயணத்திற்கே கல் சாட்சி சொல்கிறது! அச்சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விக்கு விடை காணக் குளிர் எவ்வாறு உதவுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

டொமைன்கள்

ஒரு காந்தப் பொருள் முழுவதும் ஒரே திசையில் காந்தமாகி நிற்பதில்லை. அது பல சிறு பகுதிகளாகப் பிரிந்துள்ளது என்று 1907இல் பியர் வெய்ஸ் கூறினார். இப்பகுதிகளே டொமைன்கள். ஒவ்வொரு டொமைனுக்குள்ளும் அணுக்காந்தங்கள் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. அடுத்த டொமைனில் திசை வேறு. இரண்டிற்கும் இடையே திசை படிப்படியாகத் திரும்பும் மெல்லிய எல்லையைச் சுவர் என்கிறோம்.

படிகத்தில் எல்லாத் திசைகளும் காந்தத்திற்குச் சமமானவை அல்ல. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் டாக்காவில் பணியாற்றிய காலத்தில் படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாக அளந்தவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். மாக்னடைட் அறை வெப்பநிலையில் கனசதுரப் படிகம். அதன் காந்தம் கனசதுரத்தின் மூலைவிட்டங்கள் வழியே நிற்பதையே விரும்புகிறது. மூலைக்கு மூலை செல்லும் விட்டங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் இரு திசைகள். ஆக எட்டுத் திசைகள். எனவே சுவரின் இருபுறமும் உள்ள திசைகள் 71, 109 அல்லது 180 டிகிரி வேறுபடுகின்றன.

குளிர்விக்கும்போது

இனி மாக்னடைட்டைக் குளிர்விப்போம். சுமார் 130 கெல்வினில், அதாவது சுழிக்குக் கீழ் 143 டிகிரி செல்சியசில், மூலைவிட்டத்தின் மீதுள்ள விருப்பம் ஏறத்தாழ மறைகிறது. எத்திசையும் சமம் என்ற நிலையில் சுவர்கள் அகன்று, தம்மைப் பிடித்து நிறுத்திய குறைகளிலிருந்து நழுவுகின்றன.

இன்னும் சற்றுக் குளிர்ந்து 120 முதல் 125 கெல்வின் வரையுள்ள நிலையை அடைந்ததும் படிகமே மாறுகிறது. மின் கடத்துந்திறன் திடீரென்று ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. 1939இல் டச்சு அறிஞர் வெர்வே இதனை விளக்க முற்பட்டதால் வெர்வே மாற்றம் எனப் பெயர் பெற்றது. இரும்பு அயனிகளிடையே தாவித் திரிந்த எலக்ட்ரான்கள் ஓர் ஒழுங்கில் உறைந்துவிடுகின்றன என்றார் அவர். அந்த ஒழுங்கு அவர் எண்ணியதைவிடச் சிக்கலானது என்பதை 2012இல் எடின்பரோவைச் சேர்ந்த ஆட்ஃபீல்டு குழுவினர் எக்ஸ் கதிர் ஆய்வால் காட்டினர். எலக்ட்ரான்கள் மும்மூன்று இரும்பு அயனிகளில் பரவி நிற்கின்றன.

இம்மாற்றத்தில் கனசதுரம் சற்றே சாய்ந்துவிடுகிறது. முன்னைய மூன்று விளிம்புத் திசைகளில் ஒன்று மட்டும் காந்தத்திற்கு உகந்த அச்சாகிறது. எந்த விளிம்பு என்பதைப் படிகத்தின் பகுதிகள் தனித்தனியே தேர்ந்துகொள்வதால் இரட்டைப் படிகங்கள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றினுள்ளும் எதிரெதிர்த் திசை கொண்ட டொமைன்கள் 180 டிகிரிச் சுவர்களால் பிரிந்து நிற்கின்றன. அச்சு மாறும் எல்லையில் திசை ஏறத்தாழ 90 டிகிரி திரும்புகிறது. ஒரு விளிம்பின் வழியே வலிய காந்தப்புலம் செலுத்திக்கொண்டே குளிர்வித்தால், படிகம் முழுவதும் அவ்விளிம்பையே அச்சாக ஏற்கச் செய்யலாம். 1996இல் மின்னசோட்டாவில் மோலோனி, மாஸ்கோவிட்ஸ், டால்பெர்க் ஆகியோர் காந்த விசை நுண்ணோக்கியால் 77 கெல்வினில் இந்த டொமைன்களை நேரில் கண்டனர். 77 கெல்வின் என்பது நீர்ம நைட்ரஜனின் கொதிநிலை.

எது நிலைத்த நினைவு?

இப்போது கல்லை மீண்டும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவருவோம். பல டொமைன்கள் கொண்ட பெரிய துகள்களின் காந்தப் பதிவில் பெரும்பகுதி அழிந்திருக்கும். சுவர்கள் இடம் பெயர்ந்ததே காரணம். ஆனால் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் சிறிய துகளில் சுவருக்கே இடமில்லை. அது ஒற்றை டொமைன். அத்தகைய துகள் நீண்டிருந்தால் அந்த வடிவமே திசையைக் காக்கிறது. குளிர் கண்டு மீண்டாலும் பழைய திசை பெரிதும் மாறாது. பெரிய துகள்களிலும், உள்தகைவு மிக்க இடங்களில் இறுகப் பற்றப்பட்ட சுவர்கள் ஓரளவு நினைவை மீட்டுத் தருகின்றன.

ஆகவே குளிர் ஒரு சலவைக்காரன். பிற்காலத்தில் தளர்வாக ஒட்டிய பதிவைக் களைந்து, பழைய உறுதியான பதிவை விட்டுவைக்கிறது. பாறைக் காந்த ஆய்வாளர் இதனை ஒரு தூய்மை முறையாகவே கையாள்கின்றனர். டைட்டானியம் மிகுதியாகக் கலந்த மாக்னடைட்டில் வெர்வே மாற்றம் மங்கி மறைவதால், எல்லாப் பாறைக்கும் இம்முறை பொருந்தாது என்பதையும் மறத்தல் ஆகாது.

நண்பர்களே, அடுத்த முறை மணலில் காந்தத்தை உருட்டும்போது அந்தக் கரிய மீசையைச் சற்று உற்று நோக்குங்கள். அளவில் பெரியதெல்லாம் நினைவில் உறுதியானதல்ல என்பதை நம் காலடி மண்ணே கற்பிக்கிறது.