பருந்தும் பார்ப்பும்

தூத்துக்குடி மாவட்டத்திலே, வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழப் பொருநையாற்றங்கரையில் அமைந்தது ஏரல் என்னும் ஊர். முத்தினாற் பேர்பெற்ற பழைய கொற்கை இதற்கு அணித்தே உளது. இப்பக்கத்துச் சிற்றூர்களிற் கோழி மேயாத கொல்லைப்புறம் காண்டல் அரிது. குப்பையைக் கிளறியும் கறையானைக் கொத்தியும் தம் இரையைத் தாமே தேடிக்கொள்ளும் சிறுவிடைக் கோழிகளே பெரும்பாலன. முட்டை விற்ற காசு வீட்டுப் பெண்டிரின் கைக்காசு. அதற்குக் கணக்குக் கேட்கும் ஆடவர் இலர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று) பொருநை கரைபுரண்டு ஏரலைத் தீவுபோல் ஆக்கியபொழுது, மாடும் ஆடும் கோழியும் வெள்ளத்தோடு போயின. அதன்பின் ஓர் அடைகோழியையும் பத்து முட்டையையும் கொண்டு மீண்டும் தொடங்கிய ஏழையின் முற்றத்திலிருந்து ஒரு குஞ்சைப் பருந்து கொண்டுபோகுமாயின், அவ்விழப்பைச் சிறிதென்று கூற யாம் துணியோம். ஆயினும் அப்பருந்தைக் கொல்லுதல் இந்நாட்டில் குற்றமாகும். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139-ஆம் செய்யுளிலே, மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகு வரக் கண்ட வீட்டுக்கோழி, ஒளிக்கும் இடமறியாது தன் பிள்ளைகளை அழைத்துக் கூவும் காட்சி ஓர் உவமையாக வருகின்றது. பரத்தையிடமிருந்து மீளும் தலைவனைத் தோழி தடுத்துரைக்குங்கால், ஊரார் தூற்றும் அலரொலிக்கு அத்துன்பக் குரலை ஒப்பிடுகிறாள். குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழி கிறிஸ்தவ வேதத்திலும் உவமையாயிற்று. கோழியின் பகை பிள்ளையென்னும் பெயரை அதனோடு பங்கிட்டுக்கொண்டமை வியப்பே. கீரியை யாவரும் கீரிப்பிள்ளை என்றுதானே அழைக்கின்றோம்!

மாசாத்தியார் கேட்ட குரல் நிலத்துப் பகையைக் குறித்தது. வானத்துப் பகைக்குக் கோழியின் குரல் வேறு. பீட்டர் மார்லர் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் 1980-களில் இதனை ஆராய்ந்தனர். நாய், பூனை முதலியன வரின் கோழி விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். மேலே பருந்து வட்டமிடின் மெல்லிய நீண்ட ஒலி எழுப்பும். பின்னது எங்கிருந்து எழுந்ததென்று எளிதிற் கண்டுகொள்ள இயலாதது. ஆதலின் கூவும் கோழி தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. இதனினும் சுவையானது மற்றொன்று: சேவலானது தனித்திருக்கும்பொழுது இக்குரலை அரிதாகவே எழுப்பி, அருகிற் பேடை இருப்பின் மிகுதியாக எழுப்புகின்றது. இக்குரல் கேட்ட குஞ்சுகள் ஓடிப் பதுங்கும். ஓடிப் பதுங்கப் புதரொன்று வேண்டுமன்றோ? சிமெந்துத் தளமிட்டு, செடிகொடிகளை வெட்டித் துப்புரவாக்கிய முற்றத்தில் தாயின் எச்சரிக்கை பயனற்றுப் போகின்றது. துப்புரவில் நமக்குள்ள ஆசையால் குஞ்சுகளுக்கு விளைந்த கேடு இது.

இனி, கொண்டுபோகும் பறவைதான் யாது? மக்கள் பொதுவாகப் பருந்து என்று சொல்லிவிடுவர். வெண்தலையும் செம்மேனியும் உடைய செம்பருந்தைக் கருடன் என்று கைகூப்புவாரும் உளர். புன்னைக்காயல் முதலிய கடற்றுறைகளில் மீனும் நண்டும் செத்தனவுமே அதற்குப் பேருணவு. குஞ்சு கவர்தல் அதற்கு எப்பொழுதேனும் நிகழ்வது. பிளவுபட்ட வாலையுடைய கரும்பருந்தோ, குப்பைமேட்டையும் இறைச்சிக்கடையையும் நாடி வாழ்வது. அதுவே பட்டப்பகலில் முற்றத்திற் பாய்ந்து குஞ்சைத் தூக்குவது. மூன்றாவது வல்லூறு. புறாவளவே உள்ள இச்சிறு பறவை ஓணானும் எலியும் சிறு குருவிகளும் தின்று வாழும்; மரத்தில் மறைந்திருந்து திடீரெனப் பாயும். வல்லூற்றின் எடை பெரும்பாலும் 200 கிராமுக்கு மேற்படாது. கரும்பருந்தும் ஒரு கிலோவுக்குக் குறைந்ததே. ஆகவே குஞ்சு பொரித்த முதல் ஆறு வாரமே பேரிடர்க் காலம். அதன்பின் வளர்ந்த கோழியைத் தூக்கிச் செல்ல இவற்றால் இயலாது.

சட்டத்தைப் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளை வேட்டையாடுவதை விலக்குகின்றது. 2022-இல் திருத்தப்பெற்று, 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த வடிவில் அதன் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டன, பாதுகாப்பு நீங்கவில்லை. வேட்டை என்னும் சொற்கு அச்சட்டம் கூறும் பொருள் மிக விரிந்தது. சுடுதல் மட்டுமன்று, நஞ்சிடுதலும், கண்ணி வைத்தலும், முட்டையையோ கூட்டையோ குலைத்தலும், இவற்றிற்கு முயலுதலும் வேட்டையே. பொதுவாக மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்ச ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படும். முதல் அட்டவணையிற் சேர்ந்த உயிராயின் மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளத்தக்க சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. மனிதர் தம்முயிரையோ பிறருயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்ல நேரின் குற்றமில்லை என்னும் விதிவிலக்கு உளது. அவ்விதிவிலக்கு கோழிக்குஞ்சை உட்கொள்ளாது.

ஏழைப் பெண்ணொருத்தி இதனைக் கேட்டாற் சினப்பாள். சினம் நியாயமே. காப்பின் பயன் ஊருக்கு, செலவு அவளுக்கு என்றிருத்தல் முறையன்று. பருந்தைக் காப்பவர் அவள் முற்றத்துக்கு வலையையும் கொடுப்பாராக என்பது எம் கருத்து. ஆயினும் நஞ்சு வைத்தலை எவ்வாற்றானும் ஒப்புதற்கில்லை. செத்த குஞ்சின்மீது வயலுக்கிடும் குருணை மருந்தைத் தூவி வைப்பின், அதனைத் தின்பது பருந்து மட்டுமோ? காகமும் கீரியும் தெருநாயும், சிலவேளை அண்டைவீட்டுக் கோழியுமே மடியும். மாடுகளுக்கிட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து பிணத்தின் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளின் உடலிற் புகுந்து, அவற்றின் சில இனங்களை இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழித்தது. 2006-இல் அதனைக் கால்நடைக்கு வழங்குதல் தடைசெய்யப்பட்டும் கழுகுகள் பழைய தொகைக்கு மீளவில்லை.

கணக்குப் பார்ப்பின் இன்னுமோர் உண்மை புலப்படும். பருந்து வெளிச்சத்தில், கண்முன்னே வருகின்றது. ஆதலின் பழி முழுவதும் அதன்மேல் விழுகின்றது. இரவில் வரும் பூனையையும் கீரியையும் சாரைப்பாம்பையும் எண்ணுவார் யார்? இவையெல்லாவற்றினும் கொடியது வெள்ளைக்கழிச்சல். 1920-களில் குமாவோன் மலையிலுள்ள இராணிகேத்தில் காணப்பட்டமையால் இராணிகேத் நோய் என்றும் வழங்கும் இது, புகுந்த வீட்டிற் சில நாட்களில் கோழிகளை ஏறக்குறைய முழுதும் வாரிக்கொண்டு போகும். குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ இடும் சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் இடும் ஊசியும் இதனைத் தடுக்கும். பருந்தைக் கல்லெறியும் கை, கால்நடை மருந்தகத்துக்குக் குஞ்சுகளைக் கொண்டுசெல்லச் சோம்புகின்றதே!

காக்கும் வழிகள் பழையனவே. முதல் சில வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் அடைத்து, ஆள் இருக்கும்பொழுது மட்டும் திறந்துவிடுதல் நன்று. கறிவேப்பிலை, முருங்கை, கொடிப்பந்தல், உயிர்வேலி ஆகியவை பதுங்கிடமாகும். கடற்கரை அணித்தாதலின் மீனவர் கழித்த பழைய வலை மலிவாகக் கிடைக்கும். கழிகள் நட்டு அதனை முற்றத்தின்மேல் விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். தொய்ந்து தொங்கின் பருந்தும் கூகையும் சிக்கிச் சாகும். வயலெலியைத் தின்று உழவனுக்கு உதவும் கூகையை இழப்பது நட்டம். வீட்டருகே இரட்டைவால் குருவி கூடு கட்டினாற் கலைக்கலாகாது. தன் கூட்டை நெருங்கும் பருந்தையும் காகத்தையும் அச்சிறு கருங்குருவி முதுகிற் கொத்தித் துரத்துதல் காணத்தக்க காட்சி. அடைவைக்கும் காலத்தைத் தேர்ந்தெடுத்தல் மட்டும் எளிதன்று. மார்கழி முதற் சித்திரை வரை பருந்துகள் கூடு கட்டித் தம் குஞ்சுகளுக்கு இரை தேடும். கோடையில் வெப்பமும் கழிச்சலும் வாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இருபத்தொரு நாள் அடைகாத்துப் பொரிக்கும் கோழிக்கு முற்றிலும் பகையற்ற திங்கள் இல்லை. ஆடி, ஆவணியே ஒருவாறு ஏற்றதெனக் கொள்ளலாம்.

காற்றில் விழுந்த பருந்துக்குஞ்சைச் சிறுவர் எடுத்து வளர்ப்பதுண்டு. அன்பினாற் செய்யினும் அதனைக் கூட்டில் அடைத்து வைத்தல் அச்சட்டத்தின்படி குற்றமே. வனத்துறையார்க்கு அறிவித்து ஒப்படைத்தல் வேண்டும். அவர் வருமளவும் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருளில், பூனைக்கு எட்டாது வைத்திருக்கலாம். பாலும் சோறும் ஊட்டலாகாது.