பதம் பார்க்கத் தெரிந்த அதிகாரி வேண்டும்!

சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், தைலம் காய்ச்சும் வகுப்பு என்றாலே எனக்குப் பயம். மெழுகுப் பதம், மணல் பதம் என்று கடகடவென ஒப்பித்துவிடுவேன். அடுப்பு முன்னால் நின்றால் கை நடுங்கும். "ஐயா, இறக்கலாமா?" என்று ஆசிரியரைத் தேடி ஓடுவேன். திரும்பி வருவதற்குள் தைலம் கருகிப் போயிருக்கும்! "அடுப்புக்கு முன்னால நிக்கிறவன்தானப்பா பதம் பார்க்கணும்" என்பார் அவர்.

இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேசத்தான்.

அரியலூர் மாவட்டம் தா.பழூரை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒன்றியம். மழைக்காலத்தில் ஒரே தெருவில் பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலக்க வேண்டுமா? கொசுப்புழுவை ஒழிக்க ஆள் அனுப்ப வேண்டுமா? யாரை ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? வட்டார மருத்துவ அலுவலர் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். சென்னையிலிருந்து பதில் வரும்வரை காய்ச்சல் காத்திருக்குமா, என்ன?

எது மேலே, எது கீழே?

அதற்காக எல்லா அதிகாரத்தையும் கீழே இறக்கிவிட முடியாது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து மருந்து விலை பேசுவது கழகம். மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. ஆனால், எந்த மருந்து எவ்வளவு தேவை என்று சொல்வது அந்தந்த மருத்துவமனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அருமையான ஏற்பாடு! ஆனால் தேவையைக் கணிக்கத் தெரியாதவர் கையில் பாஸ்புக் இருந்தால்? ஒரு மருந்து அலமாரியிலேயே காலாவதியாகும். இன்னொன்று இல்லாமல் நோயாளி வெறுங்கையோடு திரும்புவார்.

என்ன பயிற்சி வேண்டும்?

நோயைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. நிர்வாகம் வேறு வித்தை. முக்கியமாக மூன்று பாடங்கள்.

1. பதிவேட்டைப் படிப்பது: எந்தத் தெருவில், எத்தனை நாளில், எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வாராவாரம் பார்த்தால், நோய் பரவும் முன்பே பிடித்துவிடலாம்.

2. பணத்தைக் கையாள்வது: 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்த பிறகு, உள்ளூர்த் தேவைக்கென்று நிலையங்களுக்கு நிதி கிடைத்தது. ரசீது இல்லாமல் செலவழிப்பது தப்பு. தணிக்கைக்குப் பயந்து செலவே செய்யாமல் இருப்பதும் தப்புதான்.

3. ஆட்களை அரவணைப்பது: குடிநீர்த் தொட்டி ஊராட்சியின் பொறுப்பு. அங்கே டாக்டரின் உத்தரவு செல்லாது. தலைவரிடம் உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் நாலு நாள் வகுப்பில் வந்துவிடாது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிறுத்தி, சின்னச் சின்ன முடிவுகளை எடுக்கவிட்டு, தவறினால் திருத்த வேண்டும். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, அதிகாரத்தைப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்ததோடு நிற்காமல், உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும் பெரிய அளவில் பயிற்சியும் கொடுத்தார்கள்.

உங்கள் பங்கு

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். "நம்ம நிலையத்தில் எந்த மருந்து தீர்ந்துபோச்சு? நிதி எதற்குச் செலவாச்சு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேள்வி கேட்கும் ஊரில்தான் அதிகாரியும் பழகுவார்.

என் ஆசிரியர் கடைசிவரை கரண்டியைத் தன் கையில் வாங்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டார், அவ்வளவுதான். இரண்டு தைலம் கருகியது. மூன்றாவது பதமாக இறங்கியது!