கம்ப்யூட்டரில் நெகட்டிவ், வெயிலில் பிரிண்ட்!

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிரிண்ட் எடுக்க நீங்கள் இப்போது பழகியிருப்பீர்கள். அதே கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வைத்து, 150 ஆண்டுப் பழமையான பிளாட்டினம்-பல்லேடியம் முறையில் ஃபோட்டோ அச்சிடலாம். எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எதற்கு இந்தச் சிரமம்? ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் குழித்தறியில் பட்டு நெய்யும் படம் என்னிடம் இருக்கிறது. அந்தத் தறி இன்று இல்லை. அந்த வீட்டுச் சுவரில் மாட்டிய கலர் பிரிண்டும் சில வருடங்களில் வெளுத்துவிட்டது. மிஞ்சியது என் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபைல் மட்டுமே. அதை மங்காத பிரிண்டாக மாற்றத்தான் இதில் இறங்கினேன்.

பிளாட்டினம் பிரிண்ட் என்றால் என்ன?

1873-ல் வில்லியம் வில்லிஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரின்போது பிளாட்டினம் கிடைப்பது அரிதானதால் பல்லேடியமும் புழக்கத்துக்கு வந்தது. இதில் உலோகமே நுண்துகளாகக் காகித இழைகளில் படிகிறது. அது எளிதில் கெடாது. நல்ல காகிதம் எவ்வளவு காலம் இருக்குமோ, அவ்வளவு காலம் படமும் இருக்கும்.

ஆனால் இந்த ரசாயனத்துக்குப் புற ஊதாக் கதிர் தேவை. சாதாரண என்லார்ஜர் வெளிச்சம் போதாது. நெகட்டிவைக் காகிதத்தின் மேல் ஒட்டினாற்போல் வைத்து வெயில் காட்ட வேண்டும். எனவே பிரிண்ட் எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். 1858-ல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் இதற்காகவே பெரிய காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். அவருடைய அச்சு முறை வேறு. ஆனால் நெகட்டிவ் அளவு விதி இதேதான். நமக்கு அந்தப் பெரிய கேமரா வேண்டாம். 1995-ல் டான் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், கம்ப்யூட்டரில் இந்த நெகட்டிவை உருவாக்கும் வழியைப் புத்தகமாகவே எழுதினார்.

ஜக்கார்டு அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் புடவை இல்லை; எந்த இழை எழ வேண்டும் என்ற கட்டளைதான் இருக்கிறது. நெகட்டிவும் அப்படித்தான். எங்கே எவ்வளவு வெளிச்சம் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் சாஃப்ட்வேர் போதும். முதலில் ஒரிஜினல் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இமேஜ் மெனுவில் மோட் சென்று கிரேஸ்கேலைத் தேர்வு செய்யுங்கள். படம் கருப்பு வெள்ளையாகும்.

2. ஸ்கேல் இமேஜில் அளவைக் கொடுங்கள். 5 x 7 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்ஸெல் என்றால் 1500 x 2100 பிக்ஸெல். அதாவது சுமார் 3 மெகாபிக்ஸெல் படமே போதும்.

3. கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸ் மூலம் படத்தைச் சரிசெய்யுங்கள். இதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

4. அதே மெனுவில் இன்வெர்ட் கிளிக் செய்யுங்கள். வெள்ளை கருப்பாகும், கருப்பு வெள்ளையாகும்.

5. படத்தை இடவலமாகத் திருப்புங்கள். அப்போதுதான் மை உள்ள பக்கம் காகிதத்தைத் தொடும். படமும் நேராக விழும்.

6. இங்க்ஜெட்டுக்கான டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். லேசர் பிரிண்டருக்கான ஷீட்டில் இங்க்ஜெட் மை ஒட்டாது. புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் பிக்மென்ட் மை சிறந்தது.

கர்வ்ஸ் எதற்கு?

மானிட்டரில் தெரிவது போலவே ரசாயனம் அச்சிடாது. எனவே ஒரு சோதனை. மை இல்லாத வெறும் ஷீட்டைப் பூச்சுக் காகிதத்தின் மேல் வைத்து, பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் வெயில் காட்டுங்கள். இதற்கு மேல் கருக்காது என்ற நிலையைத் தரும் மிகக் குறைந்த நேரம்தான் உங்கள் நேரம். அடுத்து, 0 முதல் 100 சதவீதம் வரை 11 சாம்பல் கட்டங்கள் வரைந்து, நெகட்டிவாக்கி, அதே நேரத்தில் அச்சிடுங்கள்.

70, 80, 90 எல்லாம் ஒரே கருப்பாகத் தெரிந்தால், கர்வ்ஸில் இருண்ட பகுதியைச் சற்று மேலே தூக்குங்கள். 10, 20 இரண்டும் வெறும் காகிதமாகத் தெரிந்தால், வெளிச்சப் பகுதியைக் கீழே இறக்குங்கள். கட்டங்கள் தனித்தனியாகத் தெரியும்வரை இப்படித் திருத்தி, அந்த அமைப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். காகிதம், மை, ரசாயனம் எது மாறினாலும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

அச்சிடுதல்

ஃபெரிக் ஆக்சலேட்டுடன் பிளாட்டினம், பல்லேடியம் உப்புக் கரைசல்களைத் துளிக் கணக்கில் கலந்து, மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் காகிதத்தில் பிரஷ்ஷால் பூசி உலர்த்த வேண்டும். நெகட்டிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயில் காட்ட வேண்டும். பிறகு பொட்டாசியம் ஆக்சலேட் கரைசலை ஊற்றியதும் படம் முழுமையாகத் தோன்றும். மிச்சமுள்ள இரும்பு உப்பைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் நீக்கி, தண்ணீரில் நன்றாக அலச வேண்டும்.

எச்சரிக்கை: ஆக்சலேட் விஷம். பிளாட்டினம் உப்பு ஆஸ்துமா, ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை, முகக்கவசம் கட்டாயம். சமையல் பாத்திரங்களைத் தொடாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பிளாட்டினம் விலை அதிகம். அதனால் முதலில் 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் என்னும் நீல அச்சில் பழகுங்கள். அதற்கு இரும்பு உப்புகள்தான், கழுவத் தண்ணீர் போதும். நெகட்டிவ் செய்யும் படிகள் இரண்டுக்கும் ஒன்றே. கர்வ்ஸ் மட்டும் வேறு.

உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் படங்கள் இருக்கலாம். இனி எடுக்கவே முடியாத படம் எது என்று பார்த்து, முதல் நெகட்டிவை அதற்குச் செய்யுங்கள்.