சிறுதானியத்தைச் சமைக்குமுன்

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அனுஷ்டித்தது முதல், நகரத்து விருந்துகளில் சாமைப் பொங்கலும் வரகு இட்லியும் மதிப்புப் பெற்றுள்ளன. விருந்தினர் வந்தால் அடுக்களையில் மறைத்து வைத்த கேழ்வரகுக் களி இன்று உணவுச்சாலைகளில் விலைக்கு விற்கிறது. மகிழத்தக்கதே. எனினும் தானியத்தின் பெயர் மாத்திரம் சத்தைத் தந்துவிடாது. அதை எவ்வாறு தீட்டினோம், எங்கே வைத்தோம், எப்பொழுது அரைத்தோம் என்பவற்றைப் பொறுத்தே பலன் அமையும். அங்கத்தினரில் பலர் விளைவிப்பவராகவும் உண்பவராகவும் இருப்பதால் இவ்விஷயத்தைச் சற்று விரித்துக் கூறுவது அவசியமாகிறது.

கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவை கதிரடித்தவுடன் பெரும்பாலும் சமையலுக்கு ஆயத்தமானவை. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கோ உமியை நீக்கியாக வேண்டும். இதற்காக உரலிலும் திரிகையிலும் பெண்மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், இத்தானியங்கள் வீட்டைவிட்டு அகன்றதற்கு அரிசியின் சுவை ஒன்றையே காரணமாகச் சொல்லமாட்டார்கள். இப்பொழுது இயந்திரம் வந்துள்ளது. ஆயினும் பல இடங்களில் உமியோடு நில்லாமல் தவிட்டையும் சேர்த்துத் தீட்டி, வெளுக்கச் செய்து விற்கிறார்கள். நார்ச்சத்தும் தாதுக்களும் ஜீவசத்துக்களும் மிகுந்திருப்பது அந்தத் தவிட்டிலும் முளையிலுமே. ஆகையால் மங்கிய நிறமுள்ளதையே கேட்டு வாங்குங்கள். தவிடு நீங்காத சாமை நெடுநாள் தாங்காது என்பதும் உண்மை. உமியோடு சேமித்து, வேண்டியபோது வேண்டிய அளவு தீட்டிக்கொள்வதே தகுந்த வழி.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் குழந்தைகளுக்கு எளிதில் சீரணமாவதுடன், அதிலுள்ள இரும்பையும் உடல் நன்கு ஏற்கும்.

கம்பின் குணம் வேறு. அதன் முளையில் எண்ணெய் அதிகம். அரைத்த சில தினங்களில் மாவு காறிக் கசந்துவிடும். நான் பார்வையிட்ட சங்கமொன்றில் கம்பு மாவைப் பொட்டலமிட்டு விற்றார்கள். இரண்டு வாரத்தில் பொட்டலங்கள் திரும்பி வந்தன. கலப்படம் என்று ஊரில் பேச்சு. உண்மையில் தானியம் சுத்தமானதே. முன்கூட்டி அரைத்து வைத்ததுதான் பிழை. கம்பைத் தானியமாக விற்று, வீட்டிலே ஒரு வாரத்திற்கு மட்டும் அரைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை.

எல்லாவற்றினும் கவனிக்க வேண்டியது வரகு. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் வனத்தில் 10 காட்டு யானைகள் சில தினங்களுக்குள் மாண்டன. அவை வரகுப் பயிரை மிகுதியாக உண்டிருந்தன. சோதனையில் சைக்ளோபயசோனிக் அமிலம் என்னும் நஞ்சு காணப்பட்டது. இது வரகிற்கு இயல்பான நஞ்சன்று; மழையில் நனைந்த கதிரில் பற்றும் பூஞ்சணத்தால் உண்டாவது. அத்தகைய வரகை உண்ட மனிதருக்கும் மயக்கம், வாந்தி, நடுக்கம் காணும். நன்கு விளைந்து உலர்ந்த வரகை அஞ்ச வேண்டியதில்லை. அறுவடையில் மழை பிடித்த வரகு, பூசண வாடையுள்ள வரகு, இவற்றைக் கழுவி வேகவைத்தால் போதுமென்று நம்பலாகாது. வீணாகிறதே என்று மாட்டுக்கு வைப்பதும் தவறு. இதனைச் சொல்லும்பொழுது, ஒரு பருவத்து உழைப்பைக் கொட்டிவிடும்படி சொல்கிறோம் என்பதை மறக்கவில்லை.

இயந்திரம் வாங்க யோசித்துவரும் சங்கங்கள் உலர்களத்தையும் தார்ப்பாய்களையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். வரகைக் கொள்முதல் செய்யும் நாளில் மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்க்காமல், அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, ஈரமுள்ளதைத் தனியே வைக்கவேண்டும்.