கானமும் கருணையும்

ஸ்ரீமத் ராமாயணம் தோன்றுவதற்கு நிமித்தமாயிருந்தது ஒரு பறவையின் துயரம். தமஸா நதிக்கரையில் இணைபிரியாதிருந்த க்ரௌஞ்ச பக்ஷிகளுள் ஆண்பறவையை வேடன் ஒருவன் எய்து வீழ்த்தினான். பெண்பறவை கதறியதைக் கேட்ட வால்மீகி முனிவரின் உள்ளம் உருகிற்று. அவ்வுருக்கமே சந்தம் அமைந்த ச்லோகமாக வெளிப்பட்டது. முனிவருக்கும் அப்பறவைக்கும் யாதோர் உறவும் இல்லை என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. அயலார் துயரம் நம் துயரமாவது எத்தகையது என்பதைப் போடிநாயக்கனூர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேற வந்த வெளியூரார் 23 பேரின் உயிரைக் கொண்டது.

கருணையிற் பிறந்த அக்காவியத்தைப் பாடியவர்கள் அதற்குக் கிடைத்த பொருளை என் செய்தனர்? உத்தர காண்டத்தில் விடை உண்டு. யாகசாலையில் குசலவர்கள் பாடக் கேட்டு மகிழ்ந்த சக்ரவர்த்தித் திருமகன், பதினெண்ணாயிரம் பொன் அளிக்கப் பணித்தருளினான். காய்கனி உண்டு வனத்தில் வாழும் எங்களுக்குப் பொன் எதற்கு என்று சிறுவர் மறுத்துவிட்டனர். ஸ்வாமி தேசிகனும் உஞ்சவிருத்தியில் ஜீவித்து, தமக்கெனப் பொருளை நாடாதவர். ஆயினும் விவாஹத்திற்குப் பொருளின்றி வந்த ஏழை ப்ரம்மசாரிக்காகப் பெரிய பிராட்டியாரை ஸ்ரீஸ்துதியால் துதித்தார். பொன்மாரி பொழிந்தது என்பர் பெரியோர்.

நம் காலத்தில் இவ்வழி ஒழுகியவர், 1916இல் மதுரையில் பிறந்த ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி. 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடத் தொடங்கி, முப்பது ஆண்டுகளில் இருநூறுக்கு மேற்பட்ட தர்மக் கச்சேரிகள் செய்தார். அவற்றால் மருத்துவமனைகள், கல்விச்சாலைகள் முதலிய நற்பணிகளுக்குச் சேர்ந்த தொகை ஒரு கோடி ரூபாய்க்கும் அதிகம். 1974இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது பொதுத்தொண்டுக்காகவே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஸ்ரீநிவாஸப் பெருமாளைத் துயிலெழுப்பும் ஸுப்ரபாதத்தின் முதல் ச்லோகம், விச்வாமித்ரர் ராமபிரானை எழுப்பியதாக வால்மீகி அருளியது. ஏனையவை மணவாள மாமுனிகளின் சிஷ்யரான ப்ரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிச்செய்தவை. 1963இல் இதனை இசைத்தட்டில் பாடிய அம்மையார், அதன் உரிமை வருவாயைத் திருமலை திருப்பதி தேவஸ்தான வேதபாடசாலைக்கு அளித்தார். பின்னர் குடும்பத்திற்குப் பொருள்முட்டு நேர்ந்து, நெடுநாள் வாழ்ந்த சென்னை இல்லத்தையே விற்க வேண்டியதாயிற்று. அப்போதும் கொடுத்ததை மீட்டுக்கொள்ளவில்லை. வனவாசி பொன்னை மறுப்பது எளிது. இல்லறத்தார் கைக்கு வந்ததைப் பிறர்க்கு ஆக்குவது அரிது.

ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்டிர், விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டுப் பாதையில் செல்கின்றனர். கோயில் ஒலிபெருக்கியில் அவர்கள் காதில் விழுவதும் அம்மையாரின் குரலே. பெருமாள் திருக்கண் மலர்வதற்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். உத்ஸவக் கச்சேரிகளுக்குப் பொருளுதவும் அன்பர்கள், ஒருநாள் கச்சேரியின் வரவையேனும் அவர்தம் குழந்தைகளின் படிப்புக்கென ஒதுக்கலாம். அக்கச்சேரியை, அவர்கள் மலையிறங்கி வந்து உண்டு முடித்த பின், இரவு எட்டு மணிக்குமேல் வைத்துக்கொள்வது நலம். அவர்களும் அமர்ந்து கேட்கவேண்டுமன்றோ!