கொல்லைப்புற மஸ்கோவி வாத்து: முதன்முறை வளர்ப்போருக்கான பொருளாதாரம்

நம் நாட்டின் கோழியினப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது பெரும் பண்ணைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. எனினும், 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த சுமார் 85 கோடி கோழியினப் பறவைகளுள் ஏறத்தாழ 32 கோடி வீட்டுக் கொல்லைப்புறங்களில் வளர்ந்தவை. வாத்து வளர்ப்பில் மேற்கு வங்காளமும் அசாமும் முன்னணியில் நிற்கின்றன. இவ்விரு மாநிலங்களிலும் வாத்து என்பது பெரும்பாலும் சிறு விவசாயி, நிலமற்ற தொழிலாளி ஆகியோர் இல்லங்களில் மகளிர் கையில் உள்ள சொத்தாகும்.

அசாமில் வீட்டையும் தோட்டத்தையும் குளத்தையும் உள்ளடக்கிய மனைக்கட்டைப் 'பாரி' என்பர். அங்கு நாட்டு இனமான 'பாட்டி' வாத்தோடு, 'சீனா வாத்து' என்னும் பொருள்பட வழங்கப்படும் மஸ்கோவி வாத்தும் வளர்க்கப்படுகிறது. இவ்வினத்தை முதன்முறையாக வளர்க்க முற்படும் குடும்பத்திற்கு அது ஏற்றதா, எந்த அளவுகோலால் அதன் பயனை மதிப்பிடுவது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இனத்தின் இயல்பு

மஸ்கோவி வாத்தின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளாகும். பிற வீட்டு வாத்தினங்கள் யாவும் காட்டு வாத்தான மல்லார்டின் வழி வந்தவை. மஸ்கோவி தனியொரு சிற்றினம். முகத்தில் சிவந்த சதைப்பற்றும், கிளையில் அமர்வதற்கேற்ற கூரிய நகங்களும் இதற்கு உண்டு. இது உரக்கக் கத்துவதில்லை. நீந்தக் குளம் கட்டாயமன்று. அலகும் நாசித் துளையும் மூழ்கும் ஆழத்திற்குத் தூய நீர் இருந்தாலே போதும். புல், பூச்சி, நத்தை, சமையற்கழிவு ஆகியவற்றைத் தின்று தன் தீவனத்தில் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொள்கிறது. ஆண், பெட்டையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடையை அடைகிறது.

முட்டைக் கணக்கில் மட்டும் பார்த்தால் இவ்வினம் பின்தங்கியதே. காக்கி கேம்பல் இனப் பெட்டை நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 250 முதல் 300 வரை முட்டையிடும். மஸ்கோவி அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆனால் காக்கி கேம்பல் பொதுவாக அடைகாப்பதில்லை. அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்தையோ, அரசுப் பண்ணையையோ, அடைகாக்கும் கோழியையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். மஸ்கோவிப் பெட்டையோ 12 முதல் 15 முட்டைகளின்மேல் சுமார் 35 நாள் அமர்ந்து தானே பொரித்து, குஞ்சுகளைத் தானே காக்கிறது. ரொக்கம் அரிதாக உள்ள குடும்பத்திற்கு இந்த இயல்பே முதலீட்டைச் சேமித்துத் தருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு ஆணும் நான்கு பெட்டைகளும் கொண்ட சிறு தொகுதியை எடுத்துக்கொள்வோம். பெட்டை ஒன்று ஆண்டுக்கு இருமுறை அடைகாத்து, ஒவ்வொரு முறையும் 8 குஞ்சுகள் பொரிப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 4 மட்டுமே விற்பனைப் பருவம் வரை பிழைத்தால், ஆண்டில் 32 பறவைகள் கிடைக்கும். சரிபாதி ஆண்; ஆணின் எடை 3.5 கிலோ, பெட்டையின் எடை 2 கிலோ எனில் மொத்தம் 88 கிலோ. பிழைக்கும் குஞ்சுகள் 4லிருந்து 6ஆக உயர்ந்தால் பறவைகள் 48, எடை 132 கிலோ. முட்டையிடும் திறனில் எவ்வித மாற்றமுமின்றி வருவாய் ஒன்றரை மடங்காகிறது.

இக்கணக்கு விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டதே. இடத்திற்கு இடம் எண்கள் மாறும். ஆயினும் அது உணர்த்தும் உண்மை மாறாது. முதன்முறை வளர்ப்போரின் ஆதாயம் இட்ட முட்டையால் அன்று, பிழைத்த குஞ்சால் தீர்மானிக்கப்படுகிறது.

குஞ்சைக் காக்கும் வழிகள்

முதல் மூன்று வாரங்களே ஆபத்தான காலம். காகம், பருந்து, கீரி, பூனை ஆகியவற்றால் நேரும் இழப்பே மிகுதி. தாயையும் குஞ்சுகளையும் வலையிட்ட அடைப்பிலோ பெரிய கூடையின் கீழோ வைத்தல் வேண்டும். இரவில் அடைக்கும் கொட்டகையில் வளர்ந்த வாத்து ஒன்றுக்கு 4 சதுர அடி வீதம், ஐந்து வாத்துகளுக்கு 20 சதுர அடி போதுமானது. தரையில் வைக்கோலோ உமியோ பரப்பி, ஈரமானதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மஸ்கோவி நன்கு பறக்கும் ஆதலால் ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்து விடுவது வழக்கம்.

தீவனத்தில் இரு எச்சரிக்கைகள் உள. கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து மிகுதியாகத் தேவை. கோழித் தீவனத்தை மட்டும் அளித்தால் கால்கள் வலுவிழக்கக்கூடும். நியாசின் சேர்ந்த வாத்துத் தீவனமே நன்று. அது கிடைக்காவிடில் கால்நடை மருத்துவரைக் கேட்டு நியாசின் சேர்த்துத் தருதல் வேண்டும். அடுத்து, பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நச்சை வாத்தால் சிறிதளவும் தாங்க இயலாது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஈரம்பட்ட பிண்ணாக்கை வாங்குவது முதலுக்கே மோசமாகும்.

நாட்டு வாத்துகளோடு மஸ்கோவி ஆணைச் சேர்த்து விடுவது மற்றொரு பிழை. இக்கலப்பில் பிறப்பவை விரைந்து வளரும்; ஆனால் அவற்றால் இனப்பெருக்கம் செய்ய இயலாது. தைவானில் இக்கலப்பினம் இறைச்சிக்கென்றே திட்டமிட்டு வளர்க்கப்படுகிறது. பொரித்த குஞ்சுகளைக் கொண்டே தொகுதியைப் பெருக்க விரும்பும் சிறு குடும்பத்திற்கோ, அது அடுத்த தலைமுறையை இழப்பதாக முடியும். நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்க, வேறு ஊரிலிருந்து ஆணை அவ்வப்போது மாற்றிக்கொள்வதும் அவசியம்.

நோயும் இழப்பும்

வாத்துக் கொள்ளை நோய்க்கும் வாத்துக் காலராவுக்கும் தடுப்பூசி உண்டு. உள்ளூர் கால்நடை மருந்தகத்தின் அட்டவணைப்படி அவற்றைப் போடுதல் வேண்டும். பறவைக் காய்ச்சல் தனிக் கவனத்திற்கு உரியது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் கண்டறியப்பட்ட இந்நோய், 2008இல் மேற்கு வங்காளத்திலும் அசாமிலும், 2014இல் கேரளத்தின் வாத்து வளர்ப்புப் பகுதிகளிலும் பரவியது. நோய் அறிகுறி காட்டாமலே வாத்து இக்கிருமியைச் சுமந்து திரியலாம் என்பதே சிக்கல்.

நோய் உறுதியான பகுதியில் பறவைகள் அனைத்தும் அழிக்கப்படுகின்றன. ஒரு பெண் ஆண்டு முழுதும் சேர்த்த சொத்து ஒரே நாளில் போய்விடுகிறது. அழிக்கப்படும் பறவைகளுக்கு மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொண்டு இழப்பீடு வழங்குகின்றன. அதற்கு முன்பே மடிந்த பறவைகளுக்கு அன்று. எனவே, காரணமறியாத சாவைக் கண்டவுடன் தெரிவிப்பது பொதுக் கடமை மட்டுமன்று. வளர்ப்பவரின் சொந்த நலனும் அதிலேயே அடங்கியுள்ளது. இச்செய்தி ஒவ்வொரு வீட்டிற்கும் எட்டினால்தான் மக்கள் இறந்த பறவையை மறைக்க முற்பட மாட்டார்கள்.

திட்டமிடுவோருக்கு

2014-15இல் தொடங்கப்பெற்ற தேசியக் கால்நடை இயக்கம் முதலிய திட்டங்கள் ஊரகக் கோழியின வளர்ப்பிற்கு ஊக்கமளித்து வந்துள்ளன. இத்தகைய திட்டங்களில் வழங்கிய பறவைகளின் எண்ணிக்கையே சாதனையாகப் பதியப்படுவது இயல்பு. ஆயினும், மார்ச் மாதம் பத்துப் பறவைகளைப் பெற்ற இல்லத்தில் அடுத்த மார்ச்சில் எத்தனை உள்ளன, அவற்றுள் அவ்வில்லத்திலேயே பொரித்தவை எத்தனை என்பதே உண்மையான அளவுகோல். இதைக் கணக்கிட்டால், மிகுதியாக முட்டையிடும் இனமே எங்கும் சிறந்தது என்னும் கருத்து மறு ஆய்வுக்கு உள்ளாகும்.

அன்றாடம் முட்டை விற்கும் சந்தையும் தீவன வசதியும் உள்ள இடத்தில் காக்கி கேம்பல் ஏற்றது. சந்தை தொலைவில் உள்ள இடத்தில், கையில் முதலின்றிக் கொல்லைப்புறத்தை மட்டும் உடைய இல்லத்திற்கு மஸ்கோவி பொருந்தும். அங்கும் ஐந்து பறவைகளுடன் தொடங்கி, வீட்டுத் தீவனம் தாங்கும் அளவிற்கே அடைவைத்துப் பெருக்குவது நன்று. கடன் வாங்காமல் தொடங்கி, முதல் ஆண்டின் இழப்பைத் தாங்கி நிற்கும் குடும்பமே இரண்டாம் ஆண்டில் ஆதாயம் காணும்.