புள்ளிகளால் ஆன முகம்

எங்கள் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு மறைந்தார். ஐயாவின் புகைப்படம் எங்கும் கிடைக்கவில்லை. பழைய ஆண்டு மலரில் அச்சான சிறு படம் ஒன்றே கிடைத்தது. அதை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அமைத்தவன் நான். அச்சாகி வந்தபோது, அவர் முகத்தின்மீது கட்டம் போட்ட கைலியை விரித்தாற்போல் ஒரு கோலம் படர்ந்திருந்தது. மாட்டுத்தாவணிப் பக்கம் அதைப் பார்த்த அவருடைய பழைய மாணவர் ஒருவர், "இது யார் படம், தம்பி?" என்று என்னிடமே கேட்டார். அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

அச்சு இயந்திரத்திற்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஓரிடத்தில் மை வைக்கும், அல்லது வைக்காது. ஆகவே படத்தைச் சிறு புள்ளிகளாக உடைக்கின்றனர். நிழலில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சிறிய புள்ளி. தொலைவிலிருந்து காணும் நம் கண், புள்ளியையும் வெள்ளைத் தாளையும் கலந்து சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்கிறது. இதுவே 'ஹாஃப்டோன்'. 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் இம்முறையில் ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. நம் நாட்டில் இத்துறையை ஆராய்ந்தவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் பாட்டனார் இவரே. குழந்தைகளுக்குக் கதை எழுதிய கையாலேயே புள்ளிக் கணக்கும் போட்டு, இங்கிலாந்தின் 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார்!

புள்ளி வரிசைகள் ஓர் அங்குலத்தில் எத்தனை என்பதே முக்கியம். செய்தித்தாளுக்கு 85 வரிசை போதும். அத்தாள் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பருக்கச் செய்யும். வழவழப்பான தாளில் 150 வரை போகலாம். நெருக்கம் கூடினால் நயம் கூடும் என்று நான் நினைத்திருந்தேன். அங்குலத்திற்கு 600 புள்ளி அச்சிடும் லேசர் இயந்திரத்தில் 60 வரிசை வைத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் 10க்கு 10 இடம். வெள்ளையையும் சேர்த்து 101 சாயல்கள். 100 வரிசை வைத்தாலோ 37 சாயல்களே. கன்னத்தின் மென்மை படிப்படியாக வெட்டுப்பட்டுவிடும்.

கோணமும் உண்டு. கறுப்புக்கு 45 பாகை; சாய்ந்த வரிசையை நம் கண் எளிதில் பிடிப்பதில்லை. வண்ணப் படத்தில் நீலத்திற்கு 15, மெஜந்தாவிற்கு 75, மஞ்சளுக்கு 0 என்பது வழக்கம். சிவகாசி நாட்காட்டி ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள். சாமி படத்தின் கன்னத்தில் சிறுசிறு பூவட்டங்கள் தெரியும்.

இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அலைஅலையாக ஒரு கோலம் எழுமே, அதுதான் ஐயாவின் முகத்தில் எழுந்தது. பழைய மலரின் புள்ளிகள்மீது அச்சகத்தின் புதிய புள்ளிகள் விழுந்துவிட்டன.

மறுமுறை, அதே படத்தை உயர்ந்த நுண்மையில் ஸ்கேன் செய்தேன். போட்டோஷாப்பில் 'காசியன் பிளர்' கொண்டு, பழைய புள்ளிகள் கரையுமளவு மட்டும் மங்கச் செய்தேன். பிறகு அளவைக் குறைத்து, சாம்பல் நிறப் படமாகவே கொடுத்துவிட்டேன். புள்ளியிடுவது அச்சகத்தின் வேலை. 'கலர் ஹாஃப்டோன்' என்னும் ஃபில்டரை அலங்காரத்திற்காகப் போடுவோர், கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி பெரிய புள்ளிகளாகப் போடுவதே நல்லது. பொடிப் புள்ளிகள் அச்சகத்தின் புள்ளிகளோடு மீண்டும் மோதும். நாமே நுண்புள்ளி இட விரும்பினால், படத்தை 'பிட்மேப்' முறைக்கு மாற்றி, அச்சிடும் இயந்திரத்தின் நுண்மையிலேயே வரிசையும் கோணமும் குறித்துக் கொடுக்க வேண்டும்.

பதினாறாம் நாள் சுவரொட்டியில் ஐயாவின் மூக்குக்கண்ணாடி விளிம்பு சற்று மங்கித்தான் போயிற்று. முகம் தெரிந்தது.